குறிப்பு சாரின் நோஞ்சான்

எங்கள் அலுவலகத்தில் அநியாயம் நடந்துவிட்டால் அதை முறைப்படி வந்து சொல்வதற்கென்று ஒரு சன்னல் உண்டு. மூன்றாவது மாடியில், படிக்கட்டுக்கு நேர் எதிரே, பாதி உயரத்துக்குக் கம்பி போட்ட சன்னல். அதற்குப் பின்னால் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். டெண்டர் கிடைக்காமல் போனவர்கள் ஆட்சேபனை மனுவைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். தேதி முத்திரை குத்தி, நகலில் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பதிவேட்டில் எண் போடுவேன். முகத்தைப் பார்க்க மாட்டேன். பார்த்தால் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

நான் முத்திரை குத்திய மனுக்களெல்லாம் போய்ச் சேர்ந்த மேஜை குறிப்பு சாருடையது. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி பெரிய அதிகாரியிலிருந்து காவலாளி வரை எல்லோருக்கும் அவர் குறிப்பு சார்தான். மனு நாற்பது பக்கம் இருந்தாலும் அதைப் படித்து ஒரே பக்கத்தில் குறிப்பு எழுதி மேலே அனுப்புவது அவர் வேலை. மேலே இருப்பவர்கள் அந்த ஒரு பக்கத்தைத்தான் படிப்பார்கள். மனுவை முழுதாகப் படித்த ஒரே ஆள் அந்தக் கட்டடத்திலேயே குறிப்பு சார் ஒருவர்தான் என்று நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன்.

நடைமுறை இதுதான். டெண்டர் முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய நாளிலிருந்து பத்து நாளைக்குள் ஆட்சேபனை தரலாம். தந்தால், பதில் சொல்லும் வரை ஜெயித்தவருக்கு வேலை உத்தரவு போகாது. இருபது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் மனு வந்ததும் முதல் காரியமாக, யார் மேல் புகாரோ அந்தக் குழுவுக்கே அதை அனுப்பி, "தங்கள் கருத்து என்ன" என்று கேட்போம். "நாங்கள் சரியாகத்தான் செய்தோம்" என்று அவர்கள் கருத்துச் சொல்வார்கள். என் காலத்தில் வேறு மாதிரிக் கருத்து ஒருமுறைகூட வந்ததில்லை. அதன் பிறகு குறிப்பு சார் சிவப்புப் பென்சிலைக் கையில் எடுப்பார்.

அந்தப் பென்சில் செய்த வேலையைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. டெண்டரில் தோற்றவனுக்கு வயிறு எரியும். வயிறு எரிகிறவன் ஒரு காரணத்தோடு நிறுத்த மாட்டான். அளவு தப்பு, தேதி தப்பு, அவர் இவருக்கு மச்சான், என்னை நாலு மணி நேரம் நிற்க வைத்தார்கள், போன வருடமும் இப்படித்தான் என்று மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவான். குறிப்பு சார் மனுவைப் பொறுமையாகப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பிக் கேட்பார்.

"இதுல நோஞ்சான் எதுன்னு சொல்லும்மா பாக்கலாம்."

இருக்கிற காரணங்களிலேயே எது நிற்கத் தெம்பில்லாததோ அதுதான் நோஞ்சான். அதன் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு டிக். பதில் கடிதம் முழுக்க அந்த நோஞ்சானைத்தான் போட்டு அடிக்கும். ஒன்றரைப் பக்கத்துக்கு விதி எண், உட்பிரிவு, தேதி என்று அடித்துத் துவைத்துவிட்டு, கடைசியில் ஒரு வரி வரும்: "இதர காரணங்களும் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டன, அவை ஏற்கத்தக்கவையாக இல்லை." அந்த வரியை இயற்றியவர் குறிப்பு சார். எத்தனை பேருடைய நல்ல காரணங்கள் அந்த ஒரு வரிக்குள் போய் விழுந்தன என்று எனக்குத் தெரியும். பதிவேடு என்னிடம்தான் இருந்தது.

அவர் யாரிடமும் கை நீட்டியவர் இல்லை. ஒப்பந்தக்காரர் யாராவது டீ வாங்கி வந்தால்கூடத் தள்ளி வைத்துவிடுவார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, மதியம் சரியாக ஒன்றுக்கு வீட்டுச் சாப்பாடு. லஞ்சம் வாங்குகிறவராக இருந்திருந்தால் கொடுத்த சிலருக்காவது நல்லது நடந்திருக்கும் என்று நான் சில நாள் எரிச்சலில் நினைத்ததுண்டு. இவருடைய நேர்மையால் யாருக்குமே ஒன்றும் நடக்கவில்லை.

அவரை மடக்கிய மனு ஒன்றே ஒன்றுதான். தண்ணீர்த் தொட்டி கழுவும் ஒப்பந்தக்காரர் ஒருவர், எழுத்து கோணல் மாணலாக, ஒரு கால் தாளில் எழுதிக் கொடுத்தார். ஜெயித்தவருடைய உறையில் இருந்த முத்திரையின் தேதி, கடைசித் தேதிக்கு இரண்டு நாள் பிந்தியது. உறையை எடுத்துப் பாருங்கள். அவ்வளவுதான். வணக்கம்கூட இல்லை. குறிப்பு சார் சிவப்புப் பென்சிலை வைத்துக்கொண்டு மூன்று நாள் அந்தக் கால் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். டிக் போட இடமில்லை. நான்காம் நாள் டெண்டர் ரத்தானது.

"படிக்காதவன்மா அவன். அதான் தப்பிச்சான்," என்றார் என்னிடம். "படிச்சவனா இருந்தா இன்னொரு பாயிண்ட் சேத்திருப்பான். நானும் ஒரே நாள்ல முடிச்சிருப்பேன்." இதை அவர் ஓய்வு பெறும் வரை ஒரு நூறு தடவையாவது சொல்லியிருப்பார். ஓய்வு பெறும் விழாவில் மைக்கிலும் சொன்னார்.

இன்னொரு விஷயமும் மைக்கில் சொன்னார். ஆய்வு அறிக்கைகளின் ஒவ்வொரு பக்கத்திலும் ஆய்வு செய்தவர் சுருக்கொப்பம் இட வேண்டும், இல்லாவிட்டால் அறிக்கை செல்லாது என்று ஒரு சுற்றறிக்கை உண்டு. யாரோ நடுப்பக்கத்தை உருவிவிட்டு வேறு பக்கம் செருகிய ஒரு விவகாரத்துக்குப் பிறகு அது வந்தது. எழுதியவர் குறிப்பு சார். கீழே கையெழுத்துப் போட்டவர் வேறு அதிகாரி என்றாலும், எழுத்து இவருடையது. இருபத்தெட்டு வருடத்தில் அடுத்தவர் நியாயத்தை வெட்டிக் குறைக்காமல் அவர் சொந்தமாக உண்டாக்கிய ஒரே பொருள் அதுதான். அதன் எண்ணையும் தேதியையும் தன் மகள் பிறந்த தேதியை விட வேகமாகச் சொல்வார்.

மகள் ஒரே மகள். அவள் இயந்திரத் தொழில் படித்துவிட்டு வெல்டிங் வேலைக்குப் போனபோது குறிப்பு சார் இரண்டு மாதம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அரசாங்க நாற்காலியில் உட்கார வைக்க நினைத்த பெண் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு இரும்பை ஒட்டினால் அவருக்கு எப்படி இருக்கும்? அவளோ அசரவில்லை. ஒரு பட்டறை பிடித்து, ஆறு பேரை வைத்துக்கொண்டு, மருத்துவமனைக் கட்டில், சக்கர நாற்காலி, ஸ்ட்ரெச்சர் தள்ளுவண்டி எல்லாம் பழுது பார்த்தாள். மூன்று அரசு மருத்துவமனைகளின் வேலை பெரிய ஒப்பந்தக்காரர்கள் வழியாக இவள் பட்டறைக்குத்தான் வந்தது. பெயர் அவர்களுடையது, கை இவளுடையது. தலைப்பக்கம் தூக்கும் கட்டிலில் எந்தப் பல்சக்கரம் தேயும், எந்தச் சக்கரம் ஒருபக்கமாக இழுக்கும் என்று சத்தத்தை வைத்தே சொல்வாள்.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சுவரைப் பார்த்து அலுத்துப்போன குறிப்பு சார், பட்டறைக்குப் போய் ஒரு ஸ்டூலில் உட்கார ஆரம்பித்தார். முதலில் பேப்பர் படித்தார். பிறகு ரசீதுப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எங்கப்பாவுக்கு என் மேல பாசம் வரலக்கா, என் ரசீது மேல வந்துருச்சு," என்று அவள் என்னிடம் சிரித்தாள். கடைத்தெருவில் பார்த்தால் நின்று பேசுவாள். நல்ல பெண்.

அவர் ஓய்வு பெற்ற நான்காம் வருடம் அந்த மூன்று மருத்துவமனைகளின் பழுது வேலைக்கு ஐந்து வருட டெண்டர் வந்தது. இந்த முறை சொந்தப் பெயரில் போடுவது என்று மகள் முடிவு செய்தாள். ஒரு நிபந்தனை இடித்தது: பட்டறை குறைந்தது ஆயிரத்து இருநூறு சதுர அடி இருக்க வேண்டும். அவளுடையது எண்ணூறு. பின்னால் இருந்த கொட்டகையையும் ஐந்து வருட ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுத்து, நடுச்சுவரை இடித்து, தரை போட்டு, அளவைத் தாண்டிவிட்டாள். டெண்டர் கிடைத்தால் நிமிர்ந்துவிடலாம், கிடைக்காவிட்டால் அந்தக் கொட்டகையே கழுத்தைப் பிடிக்கும். இது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

முடிவு வந்தது. குறைந்த விலை இவளுடையதுதான். ஆனால் "பட்டறையின் பரப்பளவு போதாது, நேரில் ஆய்வு செய்ததில் எண்ணூறு சதுர அடி மட்டுமே உள்ளது" என்று தள்ளிவிட்டார்கள். ஜெயித்தவரிடம் பட்டறையே கிடையாது. வேறு யாருடையதோ ஒன்றின் படத்தைக் காட்டியிருந்தார் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தால் எங்கள் அலுவலகத்தில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அடுத்து நடந்ததை மகளே பிற்பாடு எனக்குச் சொன்னாள். அவள் ஆய்வு அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி வந்து அப்பாவின் முன்னால் போட்டாள்.

"யாருமே வரலப்பா. சத்தியமா ஒருத்தரும் வந்து அளக்கல. பழைய படத்தைப் பாத்து எழுதியிருக்காங்க."

"வரலன்னு நீ சொல்லுவ, வந்தேன்னு அவன் சொல்லுவான். கையெழுத்து அவன்கிட்டதான் இருக்கு," என்று அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறிக்கையை எடுத்தார். மூன்று பக்கம். பதினான்காம் தேதி காலை பதினொரு மணிக்குப் பட்டறை உரிமையாளர் முன்னிலையில் அளந்ததாகப் பொறியாளர் எழுதியிருந்தார். குறிப்பு சார் அந்த வரியில் விரலை வைத்தார்.

"பதினாலாம் தேதி நீ எங்க இருந்த?"

"உங்க ஆபீஸ்லதான். அசல் சான்றிதழ் சரிபாக்கக் கூப்பிட்டிருந்தாங்களே. பத்தரையில இருந்து பன்னெண்டு வரைக்கும் அங்கதான்..." என்றவள் சட்டென்று நிறுத்தினாள். "அப்பா! அந்த இன்ஜினியர்தான்பா சரிபாத்தாரு. எனக்கு எதிர்லதான் உக்காந்து பிஸ்கட் தின்னாரு."

அவள் இரும்பு அலமாரியைத் திறந்து சரிபார்ப்புச் சீட்டை எடுத்தாள். அதே பொறியாளர். அதே கையெழுத்து. பதினான்காம் தேதி, பதினொரு மணி ஐந்து நிமிடம். ஒரே மனிதன் ஒரே நேரத்தில் அலுவலகத்தில் பிஸ்கட் தின்றுகொண்டே ஊரின் மறுகோடியில் பட்டறையை அளந்திருக்கிறான். அப்பாவின் முகம் அன்று மலர்ந்தது மாதிரி தன் கல்யாணத்தன்றுகூட மலர்ந்து பார்க்கவில்லை என்று மகள் சொன்னாள்.

அன்றே மனு எழுதினார். ஒரே காரணம், ஆறே வரி, இரண்டு நகல்கள் இணைப்பு. மகளுக்கு அது போதவில்லை. ஜெயித்தவரிடம் பட்டறை இல்லாததையும், பொறியாளரின் உறவுக்காரர் அவரிடம் வேலை செய்வதையும் எழுதச் சொன்னாள். தன்னைப் பார்த்து "பொம்பள வெல்டரா?" என்று சரிபார்ப்பு மேஜையில் சிரித்ததையும் எழுதச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றாக அடித்தார்.

"எனக்கு வலிச்சதுப்பா அது."

"வலிச்சதெல்லாம் எழுதக் கூடாது. அதான் நோஞ்சான். அவனுங்க அதைத்தான் தூக்குவானுங்க. ஒண்ணு போதும். ஒண்ணே ஒண்ணு. நான் எத்தனை பேரை இதுல கவுத்திருக்கேன்னு எனக்குத் தெரியாதா?"

அவள் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டாள். முதல் தாளில் மனு, இரண்டாம் தாளில் இணைப்புப் பட்டியலும் கையெழுத்தும். கையெழுத்து இரண்டாம் தாளில் மட்டும்.

இனி நான் பார்த்தது. பத்தாம் நாள், கடைசி நாள், மூன்று மணி வாக்கில் குறிப்பு சார் என் சன்னலுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, இரண்டு பேனா. உள்ளே எட்டிப் பார்த்து, பழைய ஆட்கள் யாராவது எழுந்து வருவார்களா என்று கொஞ்ச நேரம் நின்றார். ஒருவரும் வரவில்லை. அவருடைய நாற்காலியில் இருந்த புதியவர் தலையைக் கூடத் தூக்கவில்லை. எனக்கே சங்கடமாக இருந்தது. இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்த இடத்தில், மற்றவர்களைப் போல அவரும் கம்பிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

பதிவேட்டில் பொருள் எழுத வேண்டும் என்பதால் மனுவைப் படித்தேன். முதல் காரணம் கத்தி மாதிரி இருந்தது. அதற்குக் கீழே இரண்டாவது ஒன்று இருந்தது. ஆய்வு அறிக்கையின் முதல் இரண்டு பக்கங்களில் சுருக்கொப்பம் இல்லை, ஆகவே இன்ன எண் இன்ன தேதியிட்ட சுற்றறிக்கையின்படி அறிக்கையே செல்லாது என்று எட்டு வரி. முதல் காரணத்தை விட இரண்டு வரி அதிகம்.

அந்தச் சுற்றறிக்கை அவர் போன மறுவருடமே மாற்றப்பட்டுவிட்டதாக ஞாபகம். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து இருந்தால் போதும் என்று புதிதாக ஒன்று வந்தது. பிரிவு பிரிவாக அதைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கியவளே நான்தான். ஓய்வு பெற்றவருக்கு யார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்?

"சார், இந்த ரெண்டாவது வேணாமே," என்றேன் மெதுவாக. "அந்தச் சுற்றறிக்கையை மாத்திட்டாங்கன்னு ஞாபகம். இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. எதிர்க் கடையில டைப் பண்ணிட்டு வந்துருங்களேன்."

அவர் சிரித்தார். எனக்குப் பிடிக்காத சிரிப்பு அது.

"அது யார் எழுதினதுன்னு தெரியுமாம்மா உனக்கு?"

"தெரியும் சார். அதனாலதான் சொல்றேன். ஒண்ணு போதும்னு நீங்கதானே..."

"நான் எழுதின சுற்றறிக்கையை எனக்கே சொல்லித் தர்றியா?" குரல் உயர்ந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "உன் வேலை முத்திரை குத்தறது. குத்தும்மா."

எனக்கு மூக்கின் மேல் கோபம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பதினாறு வருடம் நாள் தவறாமல் இவருக்குக் கட்டுக்கட்டாகக் கோப்பு தூக்கிக் கொடுத்தவள். வரிசையில் நிற்கிறவர்கள் முன்னால் 'உன் வேலை முத்திரை குத்துவது' என்கிறார். சரி, குத்துகிறேன் என்று ஓங்கிக் குத்தினேன். மேஜை அதிர்ந்தது. மூன்று மணி இருபது நிமிடம். முத்திரை விழுந்த மனுவில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது, திரும்ப வாங்கவும் முடியாது. அதுவும் அவருக்கு நன்றாகத் தெரிந்த நடைமுறைதான்.

நகலை வாங்கிக்கொண்டு அவர் படியிறங்கிப் போனார். லிப்ட் வேலை செய்யவில்லை. முட்டி வலியோடு ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு போகும் சத்தம் எனக்குக் கேட்டது. மூன்று மாடி. எழுந்து ஓடியிருந்தால் தெருவுக்குப் போவதற்குள் பிடித்திருக்கலாம். இதை எடுத்து வைக்கிறேன், வேறு ஒன்று எழுதி வாருங்கள், அதற்கு முத்திரை குத்தி இதைக் கிழித்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். பதிவேட்டில் இன்னும் எண் போடவில்லை. விதிக்கு விரோதம்தான், ஆனால் செய்திருக்கலாம். நான் எண்ணைப் போட்டுவிட்டு டீ குடித்தேன்.

ஏன் அதை எழுதினார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். மகளுக்கு உதவும் என்று நம்பி எழுதினார் என்று சொன்னால் அது பாதிதான். முதல் காரணத்தை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். தேதியைப் படிக்கத் தெரிந்தால் போதும். அதில் குறிப்பு சார் எங்கே இருக்கிறார்? இரண்டாவதைப் படிக்கும்போதுதான் மேலே இருப்பவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, "இது அவர் கை அல்லவா" என்று சொல்வார்கள். நான்கு வருடமாக யாரும் அவரை நினைக்கவில்லை, ஒரு போன்கூட வரவில்லை. அந்த ஒரு நிமிட மரியாதைக்காக முதல் தாளை மட்டும் மாற்றி அடித்துச் செருகினார். ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம் வேண்டும் என்று நாட்டுக்கே சொன்னவர், பெற்ற மகளிடம் ஒரு பக்கத்தில் மட்டும் கையெழுத்து வாங்கியிருந்தார்.

பத்து நாள் கழித்து, குழுவின் கருத்தும் வந்த பிறகு, கோப்பு புதியவரிடமிருந்து என் மேஜை வழியாக மேலே போனது. திறந்து பார்த்தேன். இரண்டாவது காரணத்தின் பக்கத்தில் ஒரு சிவப்பு டிக். புதியவர் வேறு எதையும் கற்றாரோ இல்லையோ, இழுப்பறையில் மிச்சமிருந்த பென்சிலை எப்படிப் பிடிப்பது என்று கற்றிருந்தார்.

பதில் தயாரானதும் மகள் நேரில் வாங்கிக்கொள்ள வந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், முழங்கையில் கரி. என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்பா கீழே டீக்கடையில் இருக்கிறார், படியேற முடியவில்லை என்றாள். சன்னலிலேயே நின்று உறையைப் பிரித்தாள்.

ஒன்றரைப் பக்கம். ரத்து செய்யப்பட்ட சுற்றறிக்கையை ஆதாரமாகக் காட்டியது தவறு என்று விதி எண், உட்பிரிவு, தேதியோடு எழுதியிருந்தார்கள். கடைசியில் அந்த வரி: "இதர காரணங்களும் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டன, அவை ஏற்கத்தக்கவையாக இல்லை." மிச்சம் இருந்தது ஒரே ஒரு காரணம். அதற்குத்தான் 'இதர காரணங்கள்' என்று பெயர்.

"அக்கா, வேற யாரோட பதிலையோ மாத்திக் குடுத்துட்டீங்க போல," என்றாள். "நான் சுற்றறிக்கைன்னு ஒண்ணுமே எழுதலையே. ஒரே ஒரு பாயிண்ட்தானே."

நான் கோப்பை எடுத்து முதல் தாளைத் திருப்பிக் காட்டினேன். வேறு என்ன செய்வது? அவள் படித்தாள். மறுபடி மேலே போய்ப் படித்தாள். இரண்டாம் தாளைத் திருப்பித் தன் கையெழுத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை, காது மட்டும் சிவந்தது.

"என்னோடது எல்லாத்தையும் அடிச்சாருக்கா," என்றாள். "வலிச்சதெல்லாம் எழுதக் கூடாதுன்னாரு."

கோப்பை மூடி என் பக்கம் தள்ளினாள்.

"நீங்க வாங்கும்போது படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"இது நிக்காதுன்னு தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியும்மா," என்றேன். "சொன்னேன். கேக்கல."

அவள் உறையைக் கவனமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "வரேங்க்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள். எழுந்து தெருப்பக்கத்துச் சன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். டீக்கடை வாசலில் அவர் எழுந்து நின்று கையை நீட்டினார். அவள் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு அவரை ஏற்றாமலே போய்விட்டாள். அவர் நின்ற இடத்திலேயே படித்தார். தன் வரிக்கு வந்தபோது அவருக்குத் தெரிந்திருக்கும்.

மறுநாள் காலை பத்தரைக்கு ஜெயித்தவருக்கு வேலை உத்தரவு போனது. வழக்குப் போடலாமா என்று மகள் ஒரு வக்கீலிடம் கேட்டாள். போடலாம், தீர்ப்பு வருவதற்குள் ஐந்து வருடம் முடிந்துவிடும் என்று அவர் உள்ளதைச் சொன்னார். ஜெயித்தவரிடம்தான் பட்டறை இல்லையே. இரண்டு மாதம் கழித்து அவருடைய ஆளே இவளைத் தேடி வந்தான். பழையபடி வேலை அவள் கைக்கே வந்தது. முன்பு கிடைத்ததில் பாதிக்கும் குறைவான கூலிக்கு. கொட்டகையை விட முடியாது என்பதால் அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஆறு பேரில் மூன்று பேரை அனுப்பிவிட்டாள். "பரப்பளவு போதாது" என்று தள்ளப்பட்ட அதே தரையில்தான் மூன்று மருத்துவமனைகளின் கட்டில்களும் வரிசையாகக் கிடக்கின்றன.

போன மாதம் நானும் ஓய்வு பெற்றேன். ஒரு மதியம் மனம் கேட்காமல் பட்டறைக்குப் போனேன். குறிப்பு சார் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பழுது பார்த்து முடித்த ஒவ்வொரு சக்கர நாற்காலியிலும் ஜெயித்தவருடைய நிறுவனத்தின் பெயர் அச்சடித்த சீட்டை ஒட்டுவது இப்போது அவர் வேலை. சட்டைப் பையில் பேனா இல்லை. மகள் அவரோடு பேசுவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. சாப்பிட்டாயா, மருந்து எடுத்தாயா என்பதைக்கூட வேலையாட்கள் மூலம்தான் கேட்கிறாள் என்று வாசலில் இருந்தவன் சொன்னான்.

என்னைப் பார்த்ததும் எழுந்தார். இருவரும் ஒரு கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றோம்.

"நீ சொன்னியேம்மா அன்னைக்கு," என்றார்.

"சொன்னேன் சார்."

"ஒரு தடவைதான் சொன்ன." கையிலிருந்த சீட்டின் முனையைத் தேய்த்துக்கொண்டே நின்றார். "இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம்ல?"

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலாம். பழியை என் மேல் போடுகிறார் என்று எனக்குத் தெரியும். அதில் பாதி உண்மை என்றும் தெரியும். அந்த மூன்று மாடிப் படிக்கட்டுச் சத்தம் எனக்கு மட்டும்தானே கேட்டது.

பின்னால் வெல்டிங் நின்றது. மகள் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பழுது முடிந்த தள்ளுவண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள். எங்கள் பேச்சு அவள் காதில் விழுந்திருக்கும். எங்கள் இருவர் முகத்தையும் அவள் பார்க்கவில்லை.

"வழியில நிக்காதீங்க," என்றாள்.

நாங்கள் இருவரும் நகர்ந்து நின்றோம்.